சேர்வரின் திறப்பு யாரிட்ட இருக்கு?



கூட்டக் குறிப்புகள், தொண்டர் பட்டியல், துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் ஒரு பெரிய கொம்பனியின் இலவசக் கணக்கில்தான் வைத்திருந்தோம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அது பூட்டுப்பட்டது. அடுத்த நாள் ஊர்வலம். காரணம் சொல்லவில்லை, கேட்க ஒரு மனிதரும் அகப்படவில்லை. நாலு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள். அதற்குள் நாங்கள் முடிவெடுத்திருந்தோம்: இனி எங்கட சேர்வர், எங்கட நெக்ஸ்ட்கிளவுட். "நீர்தானே லினக்ஸ் பாவிக்கிறனீர்" என்று வேலை என்ர தலையில் விழுந்தது. நான் படிக்கிறது மானிடவியல். லாப்டொப்பில் லினக்ஸ் இருக்கு, அவ்வளவுதான்.

அந்த முடிவு சரி என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். அதை ஒரு ஆளின் தலையில் கட்டியதுதான் பிழை.

ஒரு சின்ன சேர்வரை வாடகைக்கு எடுத்து, டெபியன் போட்டு, டொக்கரில் நெக்ஸ்ட்கிளவுட்டை ஓடவிட எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. குழுவில் எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று நாள் கழித்து ஒரு தோழி தன்ர வீட்டில் இருந்து என்மாப் என்ற கருவியால் எங்கட சேர்வரைத் தட்டிப் பார்த்தா. ஃபயர்வோல் போட்டிருந்தேன், 22, 80, 443 என்று மூன்று போர்ட்தான் திறந்திருக்க வேண்டும். 5432-உம் திறந்திருந்தது. அது டேட்டாபேஸின் வாசல். பாஸ்வேர்ட், மாதிரிக் கோப்பில் இருந்ததே.

இது பலர் விழுந்த குழி. ஒரு போர்ட்டை வெளியே காட்டு என்று டொக்கருக்குச் சொன்னால், அது தன்ர விதிகளைத் தானே நேராக எழுதிக்கொள்ளும். யுஎஃப்டபிள்யு ஃபயர்வோல் "எல்லாம் பூட்டியிருக்கு" என்று காட்டிக்கொண்டே இருக்கும், கதவோ பின்பக்கம் திறந்து கிடக்கும். டேட்டாபேஸின் போர்ட்டை வெளியே காட்டவே தேவையில்லை, தேவைப்பட்டால் 127.0.0.1 என்ற உள்முகவரியோடு மட்டும் கட்டவேண்டும். ஒரு வரி வேலை. அந்த வரி எனக்குத் தெரியாது.

அந்த டேட்டாபேஸில் எங்கட தொடர்புப் பட்டியல் இருந்தது. அதில் அகதி வழக்கு இன்னும் முடியாத ஆட்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும். பதிவுகளைப் பார்த்தோம், யாரும் உள்ளே வந்த அடையாளம் இல்லை. அது எங்கட கெட்டித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். கொம்பனி எங்களைப் பூட்டியது அநியாயம். ஆனால் அந்த மூன்று நாளும் எங்கட ஆட்களை ஆபத்தில் வைத்தது நான்.

அதனால்தான் சேர்வரைத் தயார்படுத்துவது பற்றிக் கதைக்கவேண்டும் என்கிறேன். மென்பொருள் ஏற முன்னம் செய்யிற, படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லாத வேலை அது. ரூட் கணக்கால் வெளியில் இருந்து நுழைவதை நிறுத்துவது. ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு எஸ்எஸ்எச் திறப்பு. திறப்பு வேலை செய்யுது என்று இன்னொரு ஜன்னலில் பார்த்துவிட்டு, பாஸ்வேர்டால் நுழைவதை அடைப்பது. புதுச் சேர்வர் இணையத்துக்கு வந்த சில மணித்தியாலத்திலேயே பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிற நிரல்கள் தட்டத் தொடங்கிவிடும். பதிவைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். டெபியனின் பாதுகாப்பு அப்டேட் தானாக ஏற ஒழுங்கு செய்யலாம், ஆனால் டொக்கருக்குள் ஓடுகிற நெக்ஸ்ட்கிளவுட்டை அது தொடாது. அதை ஒரு ஆள் பார்த்துப் பார்த்துத்தான் புதுப்பிக்கவேண்டும். கடைசியாக பேக்கப்: மறைகுறியாக்கி, வேறொரு இடத்தில். அதில் இருந்து ஒருதரம் மீட்டெடுத்துப் பார்க்காவிட்டால் அது பேக்கப் இல்லை, நம்பிக்கை மட்டும்தான்.

"இவ்வளவு வேலை என்றால் பெரிய கொம்பனியிடமே விட்டுவிடலாமே, அவர்களிட்ட நூறு பொறியியலாளர்கள் இருக்கினம்" என்று சில தோழர்கள் கேட்கினம். நியாயமான கேள்விதான். திருடனிடம் இருந்து அவர்கள் எங்களைவிட நன்றாகக் காப்பார்கள். ஆனால் அவர்களிடம் இருந்தும், அவர்களுக்கு உத்தரவிடக்கூடிய அரசிடம் இருந்தும் எங்களை யார் காப்பது? 2018இல் வந்த அமெரிக்காவின் கிளவுட் சட்டப்படி, தரவு எந்த நாட்டில் கிடந்தாலும் அமெரிக்கக் கொம்பனியிடம் உத்தரவு போட்டுக் கேட்கலாம். எங்கட சேர்வரும் வாடகை வீடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் எதைச் சேமிக்கிறது, எதை அழிக்கிறது என்று தீர்மானிப்பது நாங்கள். எல்லாத்தையும் நாங்களே ஓட்டவும் வேண்டாம். ஈமெயில் சேர்வரை விட்டுவிடுங்கோ. பாதிக் கடிதம் ஸ்பாமுக்குப் போகும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கு. இப்போது அந்தச் சேர்வருக்குள் போகக்கூடிய ஒரே ஆள் நான். நாளைக்கு எனக்கு வருத்தம் வந்தால்? உங்களோடு கோபித்துக்கொண்டு போனால்? ஊர்ச்சங்கத்து அங்கிள்மாரை நாங்கள் எவ்வளவு நக்கலடிச்சிருக்கிறம், மண்டபத் திறப்பை இருபது வருசமாக இடுப்பிலேயே வைத்திருக்கினம் என்று. அவர்களிட்டயாவது வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து இருக்கு. எங்களிட்ட அதுவும் இல்லை. எங்கட கூட்டங்களில் குறிப்பெடுக்க ஒரு அக்காவும், கொம்பியூட்டருக்கு ஒரு தம்பியும் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. அந்தத் தம்பியும் ஒரு அங்கிளாக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறான். நான் என்னைத்தான் சொல்கிறேன்.

ஆகவே என்ர முன்மொழிவு இது. குறைந்தது மூன்று பேர், அதில் இரண்டு பேராவது இதுவரை டெர்மினலைத் திறக்காதவர்கள். செய்தது எல்லாம் தமிழிலும் ஜேர்மனிலும் ஒரு கொப்பியில் எழுதப்படும். மாதம் ஒரு ஆள் மாறி மாறி அப்டேட் பார்ப்பார். மூன்று மாதத்துக்கு ஒருதரம், நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க, மற்ற இரண்டு பேரும் கொப்பியை மட்டும் பார்த்து வெறும் சேர்வரில் பேக்கப்பை மீட்டெடுக்கவேண்டும். மூன்று பேர் சேராவிட்டால் சேர்வரை மூடுவோம். 1999இல் இருந்து இயங்குகிற ரைஸ்அப், பிரான்சின் ஃப்ராமசொஃப்ட் மாதிரி, இதைக் கூட்டாகச் செய்கிற ஆட்களிடம் இடம் கேட்போம், காசும் கொடுப்போம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கட அமைப்பிலும் ஒரு சேர்வர் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதைப் பார்க்கிற ஆளிடம் ஒன்று மட்டும் கேளுங்கோ: "நீர் இல்லாவிட்டால் உள்ளே யார் போகலாம்?" பதில் சொல்ல அவர் தயங்கினால், கோபிக்காதேங்கோ. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ.