சுவர் தாங்குமா?

1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆந் திகதி ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கிய காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டி உண்மையிலேயே பெட்டியாக இருந்தது. உறுதியான மேசை ஒன்றன்மேல் அதனை அமர்த்திவிட்டால் வேலை முடிந்தது. இன்றோ அது தட்டையான பலகை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைச் சிறு வீடுகளிலும் இடம் சுருங்கவே, பலகை சுவரில் ஏறிவிட்டது. ஏறியது வீழாதிருத்தல் வேண்டும். அதன் கீழேதான் நம் குழந்தைகள் தவழ்ந்து விளையாடுகின்றனர்.

கடைக்காரர் 'பிரக்கெட்' எனக் கூறும் சுவர்த் தாங்கியை வாங்கப் புறக்கோட்டைக்குச் செல்வோர் பலர், "நாற்பத்து மூன்று அங்குலத்துக்கு ஒன்று தாருங்கள்" என்றே கேட்பர். அங்குலக் கணக்குத் திரையின் மூலைக்கு மூலை நீளத்தைத்தான் கூறும். தாங்கி பொருந்துமா என்பதைப் பெட்டியின் முதுகிலுள்ள நான்கு துளைகளே தீர்மானிக்கும். அவற்றிடையே உள்ள அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். 200க்கு 200, 400க்கு 400 என்றவாறு அமையும் இவ்வளவுகளை 'வெசா' அளவுகள் என்பர். அப்பெயர் கொண்ட அமெரிக்கச் சங்கம் இத்தகைய நியமத்தை முதன்முதல் வெளியிட்டது 1997ஆம் ஆண்டிலாகும். திரையின் அளவு ஒன்றாயினும் துளைகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம்.

திருகாணியும் கவனத்துக்குரியது. அதன் தடிப்பும் நீளமும் பெட்டியுடன் வரும் கைந்நூலில் குறிக்கப்பட்டிருக்கும். குட்டையான ஆணி பிடிகொள்ளாது. மிக நீண்டது உள்ளே புகுந்து பாகங்களைக் கெடுத்துவிடும்.

அடுத்தது எடை. தாங்கியிற் பொறித்த எடை பெட்டியின் எடையைவிடத் தாராளமாக மிகுந்திருத்தல் நன்று. எனினும், முன்னே இழுத்துத் திருப்பக்கூடிய கையுள்ள தாங்கியை விரும்புவோர் ஒரு கணக்கைச் செய்து பார்த்தல் வேண்டும். மாணவர்கள் நெம்புகோல் விதியை நினைவிற் கொள்க. பெட்டி 12 கிலோ. தாங்கியின் மேலாணிகளுக்கும் கீழாணிகளுக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். பெட்டி சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளியிருப்பின், மேலாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் இழுவை 3 கிலோ எடைக்குச் சமம். கையை நீட்டி 50 சென்ரிமீற்றருக்குக் கொணர்ந்தால், அதே இழுவை 30 கிலோ எடைக்குச் சமமாகிவிடும்! பெட்டி மாறவில்லை, சுவர் படும் பாடு பத்து மடங்காயிற்று.

ஆகவே சுவரையும் அறிதல் வேண்டும். துளைக்கும்போது உதிரும் தூளைப் பாருங்கள். சிவந்த தூள் செங்கல்லைக் காட்டும். சாம்பல் நிறத் தூள் சீமெந்துக் கல்லாகவோ கொங்கிறீட்டாகவோ இருக்கலாம். பழைய வீடுகளில் சாந்துப் பூச்சுத் தடித்தும் இளகியும் இருப்பதுண்டு. ஆணி பூச்சைக் கடந்து கல்லினுள் இறங்கினாலன்றிப் பயனில்லை. தொடர்மாடிகளின் உட்சுவர்கள் சில உட்குடைவான சீமெந்துக் கற்களால் ஆனவை. சாதாரண ரோல் பிளக் அங்கே பிடியாது. குடைவுச் சுவருக்கென அமைந்த ஆணி வேண்டும். மெல்லிய பலகைத் தடுப்பாயின், பின்னாலுள்ள சட்டத்திலேயே பொருத்துதல் வேண்டும்.

மின்செருகிக்கும் ஆளிக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளைத்தல் ஆகாது. சுவரினுள்ளே கம்பி ஓடக்கூடும். வெள்ளவத்தைக் கடற்கரையை அண்டி வாழ்வோர் துருப்பிடியா உருக்கு ஆணிகளையே தேடுதல் நலம். உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. வாடகை வீடாயின், துளைக்குமுன் வீட்டுக்காரரின் இசைவையும் பெற்றுக்கொள்க.

துளைகளின் இடைவெளி, பெட்டியின் எடை, சுவரின் இயல்பு ஆகிய மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். சுவர் தாங்காது என்று தெரிந்தால் வருந்த வேண்டுவதில்லை. தாழ்ந்த, அகன்ற மேசை ஒன்றில் பெட்டியை வைத்து, குழந்தை இழுத்தாலும் சரியாதவாறு பின்புறத்தைப் பட்டியால் மேசையுடன் பிணைத்து, மேசையையும் சுவரோடு இறுக்கிவிடுங்கள். அழகு சிறிது குறையலாம். வீட்டில் அச்சம் இராது.