வாடகைத் திண்ணை

ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ட்விட்டர் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். கோவிட் காலத்தில் ஒரு கட்டுரை முன்வரைவாக வெளிவந்த சில மணி நேரத்திலேயே அங்கே அலசல் தொடங்கிவிடும். அந்த வேகம் கருத்தரங்குகளில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வாடகைத் திண்ணை. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து வீட்டையே வாங்கினார். மறு ஆண்டே, ஆய்வுக்கு இலவசமாகத் தரவு எடுத்த வழி அடைபட்டது. பாதியில் நின்ற ஆய்வுக்கு யாரிடம் போய் முறையிடுவது? பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) முன்வரைவுக் களஞ்சியத்தைப் பாருங்கள்: அழகில்லை, அரட்டையும் இல்லை, ஆனால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நிழலில் வளர்ந்தது, விளம்பரத்தை நம்பியல்ல. திண்ணைக்கு நானும் போவதுண்டு, குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டு.