பொண்ணுங்க அறிவைப் பார்க்கிறதில்லையா? யார் சொன்னது?

"மச்சி, பொண்ணுங்க பைக்கைத்தான்டா பார்க்கிறாங்க. அறிவு, கவிதையை எல்லாம் வெச்சு ஒரு டீ கூட வாங்க முடியாது." திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஆரம்பிச்சு காலேஜ் கடைசி பெஞ்சு வரைக்கும் இதே புலம்பல்தான். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அதனால சொல்றேன்: இது தோத்தவன் தனக்குத் தானே சொல்லிக்கிற ஆறுதல். உண்மை இல்லை.

1989-ல டேவிட் பஸ்-ங்கிற அமெரிக்க உளவியலாளர் இந்தியா உட்பட 37 சமூகங்கள்ல 10,000 பேருக்கு மேல விசாரிச்சார். துணை எப்படி இருக்கணும்? ஆண்கள் அழகுக்குக் கொஞ்சம் கூடுதல் மார்க் போட்டாங்க, பெண்கள் சம்பாத்தியத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனா ரெண்டு தரப்பு பட்டியல்லயும் இதையெல்லாம் தாண்டி மேல நின்னது கனிவும் அறிவும்தான்.

"அப்போ யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கினவனுக்கு ஏன் ஆள் இல்லை?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. 2018-ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ஆய்வு இதைத்தான் பார்த்துச்சு. 100 பேர்ல 90 பேரை விட புத்திசாலிங்கிற அளவு வரைக்கும் ஈர்ப்பு ஏறுது. அதுக்கு மேல போனா இறங்க ஆரம்பிக்குது! மேதையா இருக்க வேண்டியதில்லை சாமி, பேச்சுல கொஞ்சம் வெளிச்சம் இருந்தா போதும். மார்க் ஷீட்டைக் காட்டி யாரும் யாரையும் சிரிக்க வெச்சதில்லை.

சினிமாவும் நம்மளைக் குழப்பிடுச்சு. 'காதல் கொண்டேன்' (2003) படத்துல கணக்குல புலியா இருக்கிறவன் கடைசியில மனநோயாளி. அடுத்த வருஷமே '7ஜி ரெயின்போ காலனி'. அதுல வர்ற வெட்டிப்பயலுக்குப் பொண்ணு கிடைக்குதுன்னு எல்லாரும் விசிலடிச்சோம். ஆனா அவ கண்டுபிடிச்சது பைக் வேலையில அவனுக்கு இருந்த கைத்திறமையை! அதை விட்டுட்டு, அவ பின்னாடி சுத்தினதை மட்டும் நம்ம பசங்க காப்பியடிச்சாங்க.

சரி, அறிவைப் பார்த்துத்தான் பிடிக்குதுன்னா அப்புறம் ஏன் எதுவும் நடக்க மாட்டேங்குது? என்னோட உண்மையான சண்டை இங்கதான். அம்பிகாபதி கதை தெரியும்ல? கம்பர் மகன், பெரிய கவிஞன். இளவரசி அமராவதி மயங்கினது அவன் தமிழுக்கு. சிற்றின்பம் கலக்காம 100 பாட்டு பாடினா பொண்ணு உனக்குன்னு ராஜா சொல்றார். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிட்டா அவ, 99-லயே எட்டிப் பார்த்துட்டா. தலை போச்சு. கவிதையில அவன் தோக்கலை. ராஜ வம்சம் இல்லைங்கிறதுதான் அவன் குத்தம்.

இது பழங்கதைன்னு தள்ளிட முடியுமா? சங்கரும் கௌசல்யாவும் ஒரே காலேஜ்ல பொறியியல் படிச்சவங்க. கௌசல்யா நம்ம மாவட்டத்துப் பழநி. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை, பட்டப்பகல், ஜனங்க நடமாடுற ரோடு. சாதி மாறிக் கல்யாணம் பண்ணினதுக்காகச் சங்கரை வெட்டிக் கொன்னாங்க. அவர் என்ன படிச்சார், எப்படிப் பேசினார்னு வெட்டினவன் கேட்கலை.

கணக்குப்பதிவியல்ல ஒரு விதி இருக்கு. காசு கொடுத்து வாங்காம நாமளே உருவாக்கின நன்மதிப்பு ஐந்தொகையில வராது. கல்யாணப் பேச்சும் அதே கணக்குதான். நிலம், நகை, சம்பளம், சாதி எல்லாம் ஏட்டுல ஏறும். புத்தி ஏறாது.

அதனால, "பொண்ணுங்க அறிவைப் பார்க்கிறதில்லை"ன்னு புலம்புற நண்பா, உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு உன் தங்கச்சி ஒருத்தனோட அறிவைப் பார்த்து விரும்பினா, நீ முதல்ல என்ன கேப்ப? "என்ன படிச்சிருக்கான்"னா? இல்ல, "என்ன ஆளுங்க"ன்னா?