எலிப்பல்லைப் பார்த்துக் குரங்குக்கு வயது சொன்னால் என்ன குற்றம்?



இரண்டு நாளாக நம் குழுக்களில் ஒரே செய்தி சுற்றுகிறது. தென் அமெரிக்காவின் மிகப் பழைய குரங்குக்கு எலிப்பல்லை வைத்து வயது சொன்னார்களாம், அது 64 லட்சம் ஆண்டு தப்பாகிவிட்டதாம், ஆகவே அறிவியலே வெறும் யூகமாம்! கீழே சிரிப்புப் பொம்மைகள் வேறு. ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களும் சிரித்திருக்கிறீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். பெரு நாட்டு அமேசான் பகுதியில் சான்டா ரோசா என்று ஓர் ஆற்றங்கரை. அங்கே கிடைத்த பற்களை வைத்துப் பெருபிதிகஸ் என்ற குரங்கை 2015இல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். கூடவே கிடைத்த கொறித்துண்ணிகள் முதலான பாலூட்டிகளின் பற்களை மற்ற இடங்களில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு, சுமார் 3.6 கோடி ஆண்டு என்றார்கள். இது குறி சொல்வதல்ல, முறையான வழிதான். ஆனால் எல்லை உண்டு. அம்மி கிடக்கிற சமையலறை மிக்சி வராத காலத்தது என்று சொல்ல முடியுமா? என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. பழைய அமைப்புள்ள விலங்கு ஒரு காட்டில் நெடுங்காலம் பிழைத்துக் கிடக்கலாம். அதனால் அந்தக் கட்டுரை தலைப்பிலேயே 'இயோசீன்' என்று அடித்துச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை.

2021இல் அதே இடத்து மண்ணிலிருந்த சிர்கான் மணிகளை ஆராய்ந்தார்கள். அதற்குள் யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் தெரியும். அளந்தால் மணி உருவான காலம் கிடைக்கும். தரைக்கு அடியில் 1985ஆம் ஆண்டு நாணயம் கிடந்தால், அந்தத் தரை 1985க்கு முன் போட்டதாக இருக்காது அல்லவா? அதே கணக்குதான். வந்த விடை 2.96 கோடி. அந்தக் குரங்கு அதைவிடப் பழையதல்ல.

இது சில்லறை வித்தியாசம் இல்லை. இவற்றின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரத்திட்டுகளில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தன என்பதே பெரும்பாலோர் கருத்து. சுமார் 3.4 கோடி ஆண்டுக்கு முன் அன்டார்க்டிகாவில் பனி பெருகிக் கடல்மட்டம் தாழ்ந்தது. பழைய வயதுப்படி குரங்குகள் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். புதிய வயதுப்படி, கடல் தாழ்ந்த பிறகும் வந்திருக்கலாம்.

சிரித்தவர்களே, 2015 கட்டுரையை எழுதியவர்களில் கென்னத் கேம்பல் ஒருவர். 2021 கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவரேதான்! தான் பெயர் போட்ட வயதைத் தானே திருத்தி, உலகறிய அச்சிட்டார். உங்களுக்கு ஃபார்வர்டு அனுப்பியவர் இதுவரை ஒரு வரியாவது திருத்தியதுண்டா?

அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் அதன் கீழேயே இதையும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் மாலை ஐந்துக்கு மேல் கூப்பிடுங்கள், மத்தியானம் தூங்குவேன்.