ஆறு மணி நேரத்துக்குள் காப்பாற்ற வேண்டிய கால்

நெஞ்சு வலித்தால் மாரடைப்பாக இருக்கலாம் என்று ஆம்பூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளிறி, மரத்துப்போனால் அதுவும் அதே அளவு அவசரம் என்பது பலருக்குத் தெரியாது. ‘நரம்பு இழுத்துக்கிச்சு’, ‘சுளுக்குப் பிடிச்சிருக்கு’ என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். காலுக்குப் போகும் தமனியை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் போனால் நரம்பும் தசையும் மீள முடியாதபடி கெடத் தொடங்கும். முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்கும் காலை, மறுநாள் வெட்டியெடுக்க வேண்டியிருக்கிறது.

ரத்தக்கட்டியை உறிஞ்சியும் சுரண்டியும் வெளியே எடுக்கும் நவீனக் கருவிகள் இன்று இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. திருப்பத்தூர் போன்ற ஒரு மாவட்டத்தின் ஏழை நோயாளிக்கு அவற்றால் பயன் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

ஏன் இந்த மாவட்டம்?

2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து உருவானது திருப்பத்தூர் மாவட்டம். அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத தமிழக மாவட்டங்களில் இதுவும் ஒன்று. சிக்கலான நோயாளியை வேலூரின் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சிஎம்சி மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். திருப்பத்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுக்காரர் என்றால், மலையிறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி நேரக் கணக்கில் பாதி சாலையிலேயே கரைந்துவிடும்.

கால் தமனியை அடைக்கும் காரணங்களுக்கும் இங்கே குறைவில்லை. பீடி புகைப்பவர்களின் சிறு ரத்தநாளங்களைச் சுருக்கி அடைக்கும் ‘பர்கர் நோய்’ இந்தியாவில் இளவயது ஆண்களின் கால்களைப் பறிக்கிறது. நீரிழிவால் தமனிச் சுவரில் படியும் கொழுப்பு இன்னொரு காரணம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய பெண்களுக்கு, இதய அறைக்குள் உறையும் ரத்தக்கட்டி பிய்ந்துவந்து காலில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

கையுறை விரலில் தொடங்கிய கருவி

ரத்தக்கட்டியை எடுக்க ஒருகாலத்தில் தமனியை நீளமாகத் திறக்க வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி, அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டி, மெல்லிய குழாயின் முனையில் நூலால் கட்டி ஒரு சிறு பலூன் செய்தார். தொடை இடுக்கில் ஒரு சிறிய கீறல் போட்டு, பலூனைச் சுருங்கிய நிலையில் கட்டியைத் தாண்டி நுழைப்பார்கள். பிறகு அதை அளவாக ஊதி, மெதுவாகப் பின்னால் இழுப்பார்கள். தமனியின் வடிவத்திலேயே வார்த்தெடுத்ததுபோல ரத்தக்கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அடுத்த சில நிமிடங்களில் பாதத்தில் சூடு திரும்பும். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இந்தக் குழாய் உலகெங்கும் இன்றும் கால்களைக் காப்பாற்றிவருகிறது.

இதற்குப் பின் வந்தவை இன்னும் நுட்பமானவை. ஒருவகைக் கருவி வெற்றிடப் பம்பின் விசையால் கட்டியை உறிஞ்சுகிறது. இன்னொன்று உப்புநீரை மிகுந்த அழுத்தத்தில் பின்னோக்கிப் பீய்ச்சி, அதனால் உண்டாகும் இழுவிசையில் கட்டியை உடைத்து எடுக்கிறது. மூன்றாவது, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் திருகு முனையால் பழைய கட்டியையும் அரைத்து வெளியேற்றுகிறது. ஊசித்துளை போதும், முழு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. பலவீனமான இதயம் கொண்ட முதியவர்களுக்கும், கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உள்ளவர்களுக்கும் இது பெரிய வரம். ஆனால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் இந்தக் குழாய்களின் விலை லட்சத்தைத் தாண்டும். எக்ஸ்ரே வசதியுள்ள கேத் லேபும் பயிற்சி பெற்ற நிபுணரும் வேண்டும். உப்புநீர் பீய்ச்சும் கருவி சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கவும்கூடும்.

சிரைக்கு வேறு நியாயம்

தோல் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன்னால் பகல் முழுவதும் உட்கார்ந்து வேலைசெய்யும் பெண்கள் கவனிக்க வேண்டியது, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரையில் உண்டாகும் ரத்தக்கட்டியை. நெடுநேரம் அசையாமல் இருப்பது, கர்ப்பம், கருத்தடை மாத்திரை ஆகியவை அதன் அபாயத்தைக் கூட்டுபவை. ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தால் தேய்த்துவிடக் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கே கருவியின் பயன் அளவானது. 692 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ‘அட்ராக்ட்’ ஆய்வில், கருவியாலும் கட்டியைக் கரைக்கும் மருந்தாலும் கட்டியை அகற்றியவர்களுக்குப் பிற்காலத்தில் கால் வீக்கமும் வலியும் வரும் வாய்ப்பு ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. முதல் பத்து நாட்களில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. சிரையடைப்பு வந்த பெரும்பாலானோருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தே போதும். விலை உயர்ந்த கருவியைத் தேவையில்லாத நோயாளியிடம் பயன்படுத்துவதும் அநீதிதான்.

எதை முதலில் செய்வது?

மாரடைப்புக்கு அரசு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். காலுக்கும் அதேபோல ஒரு வழி வேண்டும். சில்லிட்ட காலில் நாடியைத் தொட்டுப் பார்த்து, மருத்துவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு நோயாளியை 108 ஆம்புலன்ஸில் அனுப்பும் நடைமுறையை ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுத்து, திருப்பத்தூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கையடக்க டாப்ளர் கருவியும், ஃபோகார்ட்டி பலூனும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற பொது அறுவை மருத்துவரும் இருக்க வேண்டும். பல நோயாளிகளுக்கு 90 கிலோமீட்டர் பயணமே தேவைப்படாமல் போகும். அதன் பிறகுதான் லட்ச ரூபாய்க் கருவிகள். அவை இரவு பகலாக இயங்கும் ஒரே மையத்தில், அடுக்கம்பாறையில், இருந்தால் போதும். வாங்கி வைத்துவிட்டு இயக்க ஆளில்லாமல் பூட்டிவைப்பதைவிட இது பல மடங்கு மேல்.

விலைக்கும் முன்னுதாரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாயாக இறங்கியது. ரத்தக்கட்டி அகற்றும் குழாய்களுக்கும் அத்தகைய வரம்பு தேவை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயும் குழாயின் முழு விலையையும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும், ஏழை நகையை அடகுவைக்க ஓட வேண்டியிருக்கும். மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை கால்கள் அகற்றப்படுகின்றன, அந்த நோயாளிகள் எத்தனை மணி நேரம் தாமதித்து வந்தார்கள் என்ற பதிவேடும் கட்டாயம். எங்கே தாமதமாகிறது என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

எந்தக் கருவியும் பீடியின் கேட்டை மாற்றாது. பர்கர் நோய்க்குப் புகையிலையை அடியோடு விடுவதே முதல் சிகிச்சை. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு கால் மட்டும் திடீரென்று வலித்து, சில்லிட்டு, நிறம் மாறினால் தைலம் தேய்க்காதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள்.