காப்டன் பதவி யாருடைய சொத்து?

கிரிக்கெட் துரைமார் விளையாட்டு, நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் கதையை அவர்கள் கேட்க வேண்டும்.

அவை கரும்புத் தோட்டங்களின் நாடுகள். கரும்பு வெட்டியவர்கள் கறுப்பு மக்கள். லாபம் எடுத்தவர்கள் வெள்ளைத் துரைமார். மைதானத்திலும் அதே ஏற்பாடுதான்! வெயிலில் பந்து வீசவும் ரன் குவிக்கவும் கறுப்பு மக்களின் பிள்ளைகள்; காப்டன் பதவிக்கு மட்டும் வெள்ளையர். 1928ல் அக்கோஷ்டி டெஸ்ட் ஆடத் தொடங்கியது. 1960 வரை, ஒரு தொடர் முழுவதையும் நடத்தும் பொறுப்பு எந்தக் கறுப்பு ஆட்டக்காரருக்கும் கிடைக்கவில்லை. மாவீரர் ஜார்ஜ் ஹெட்லிக்கே 1948ல் ஒரே ஒரு டெஸ்டில்தான் அந்த இடம்.

சொல்லப்பட்ட காரணம் என்ன? கறுப்பருக்கு ஆடத் தெரியும், நடத்தத் தெரியாதாம்! நமக்குப் பழகிப்போன பேச்சு இது. தறி ஓட்டுகிறவனுக்கு ஆலையை நடத்தத் தெரியாது, உழுகிறவனுக்கு நிலத்தை ஆளத் தெரியாது என்பதும் இதே வாய்தான்.

பலன் என்ன? 1955ல் சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் 3-0 தோல்வி. 1957ல் இங்கிலாந்தில் 3-0 தோல்வி. 1960ல் மறுபடியும் சொந்த மண்ணில் இங்கிலாந்திடம் 1-0 தோல்வி. மக்கள் பொறுக்கவில்லை. டிரினிடாடில் பத்திரிகை வழியாகவே கிளர்ச்சி நடந்தது. அதன்பின்தான் பிராங்க் வொரெல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குக் காப்டனானார்.

1960 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியது ஒரே ரன். மிச்சம் ஒரே விக்கெட். ஜோ சாலமன் எறிந்த பந்து குச்சியைத் தகர்த்தது. டெஸ்ட் வரலாற்றில் முதல் சமநிலை! யார் இந்தச் சாலமன்? கயானாவின் போர்ட் மொரான்ட் கரும்புத் தோட்டத்துப் பிள்ளை. கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சம்.

தொடரை 2-1 என்று இழந்தாலும் ஆஸ்திரேலிய மக்களின் மனத்தை வொரெலின் கோஷ்டி வென்றது. முந்தைய காப்டன் அலெக்சாண்டர் வெள்ளையர். அவர் வொரெலின் கீழ் விக்கெட் காத்து, அத்தொடரில் சதமும் அடித்தார். சண்டை தனி மனிதரோடு அல்ல, பிறப்பைப் பார்த்துப் பதவி தரும் முறையோடுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1962ல் நமது கோஷ்டியை 5-0 என்று தோற்கடித்தவரும் வொரெல்தான். அந்தப் பயணத்தில் நமது காப்டன் நாரி கண்டிராக்டரின் மண்டை உடைந்தபோது ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். 1963ல் இங்கிலாந்து மண்ணிலேயே 3-1 வெற்றி. நடத்தத் தெரியாதவர்கள் என்றவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில்?

தோற்கும் கோஷ்டிக்கு அடுத்த காப்டன் யார் என்ற கேள்வி எந்த நாட்டிலும் எழும். நாம் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி: தேர்ந்தெடுக்கிறவர் யார்? எதை அளந்து தேர்ந்தெடுக்கிறார்? ஆட்டத்தையா, அப்பன் பெயரையா? மைதானமானாலும் ஆலையானாலும், பாடுபடுகிறவனுக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்காமல் அவனுக்குத் திறமை இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது!