மூலையில் ஒரு கையெழுத்து



போன மாதம் பரணை ஒழித்தபோது பழைய அம்புலிமாமா பைண்டு ஒன்று அகப்பட்டது. 11 இதழ்களைச் சேர்த்துத் தைத்து, மேலே காக்கி அட்டை ஒட்டி, முதுகில் என் அப்பா மையால் வருஷம் எழுதி வைத்தது. அட்டையை ராமபாணப் பூச்சி ஒரு கை பார்த்திருந்தது. உள்ளே அவ்வளவு சேதமில்லை. பிரித்த இடத்தில் விக்கிரமாதித்தன். உருவிய வாள், தோளில் பிணம், காலடியில் மண்டை ஓடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி பயப்படவில்லை. "இது யாரு தாத்தா வரைஞ்சது?" என்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையணையில் முகம் புதைத்த வயதில் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. படங்கள் தாமாகவே அச்சாகி வருகின்றன என்றுதான் நினைத்திருப்பேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு கையெழுத்து: சங்கர்.

கே. சி. சிவசங்கரன். 1924-இல் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, சுமார் 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020-இல் மறைந்தார். பத்மஸ்ரீ அடுத்த ஆண்டுதான் வந்தது. வேதாளத்தைத் தெரியாத வீடு கிடையாது. அதற்கு முகம் கொடுத்த மனிதரின் வீட்டுக்கு விருது போய்ச் சேர அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இன்னொரு பக்கத்து மூலையில் 'சித்ரா'. வெகுகாலம் அவரை ஒரு பெண் என்றே நம்பியிருந்தேன். வீரராகவன் என்பவர் வைத்துக்கொண்ட புனைபெயராம். போகட்டும், ஓவியர்களுக்காவது ஒரு மூலை கிடைத்தது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த தொடர்கதைகள் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆசிரியர் நாற்காலியில் இருந்து கதைகளைச் செதுக்கியவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். என் அப்பாவின் பைண்டில் ஒரு தொடர்கதையின் தலையிலும் எழுதியவர் பெயர் இல்லை. தமிழில் கொண்டுவந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1947 ஜூலையில் இந்தப் பத்திரிகையைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் விஜயா புரொடக்‌ஷன்ஸ் வைத்து 'பாதாள பைரவி'யும் 'மாயாபஜா'ரும் எடுத்தார்கள். 1957-இல் வந்த மாயாபஜாரில், ரங்காராவின் கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை. பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். லட்டுக் காட்சியை மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னாள். எனக்கோ, கிரீடமும் கதாயுதமுமாக அம்புலிமாமா பக்கம் ஒன்று எழுந்து நடப்பது போலவே இருந்தது. டைட்டிலில் பார்ட்லியின் பெயர் எல்லோரும் படிக்கும்படி வருகிறது. இந்த விஷயத்தில் பத்திரிகைக்காரர்களைவிட சினிமாக்காரர்கள் யோக்கியர்கள்.

பழைய பைண்டைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நினைக்காதீர்கள்; போனில் கதை சொல்லும் செயலி என்றாலே முகம் சுளிக்கிற கட்சி இல்லை நான். அமெரிக்காவில், லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் வில்லியம் ஜாய்ஸும் பிராண்டன் ஓல்டன்பர்க்கும் செய்த மாரிஸ் லெஸ்மோர் கதையைப் பாருங்கள். கத்ரீனா புயலின் நினைவு கலந்த கதை. சூறாவளி வந்து, மாரிஸ் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் எழுத்துகளைக்கூட விட்டுவைக்காமல் அள்ளிக்கொண்டு போகிறது. அவன் பறக்கும் புத்தகங்கள் வாழும் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே நைந்துபோன கிழட்டுப் புத்தகம் ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கிறான். அறுவை சிகிச்சைக்கும் மசியாத புத்தகம், அவன் அதைப் படிக்கத் தொடங்கியதும் உயிர் பெறுகிறது. 2011-இல் குறும்படமாகவும் செயலியாகவும் வந்தது. 2012-இல் ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டு அச்சுப் புத்தகமானது. வழக்கமான வரிசை தலைகீழ். படம் சுமார் 15 நிமிடம், வசனமே கிடையாது. நம் வீட்டுக் குழந்தைக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் செயலிக்கு ஆயுசு கம்மி. சில வருஷம் முன்பு காசு கொடுத்து வாங்கிய கதைச் செயலி ஒன்று, போன் மாற்றியதும் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. அதை வரைந்தவர் யார், கதை சொன்ன குரல் யாருடையது என்று எதுவும் எனக்கு நினைவில்லை. பார்த்து வைத்துக்கொள்ளாதது என் தப்பு.

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசம், போனிலேயே படிக்கலாம், அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அங்கே பிடித்தது அட்டை. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்திருந்தால் அவர், எல்லோர் பெயரும் சொல்கிறார்கள். பேத்தி கதைக்குப் போகுமுன் அந்தப் பெயர்களையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்கிறாள். அவளுக்கு அதுவும் கதையில் சேர்த்தி.

இதையெல்லாம் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நம் இதழின் சிறுவர் பக்கத்துக்கு வரைகிறவரின் பெயர் இத்தனை நாளும் 2-ஆம் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்தான் இருந்தது. இந்த இதழிலிருந்து கதைத் தலைப்புக்கு அடியில், எழுதியவர் பெயரின் அளவிலேயே அவர் பெயரும் இருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கட்டுகள் கிடக்கும். இறக்கித் தூசி தட்டி, மூலைகளில் என்னென்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து, நமக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்